கிளட்ச் அக்கா அசைந்த நாள்

கிளட்ச் அக்காவிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அழுதிருப்பார்கள். ஆண்கள் வீட்டுக்குப் போய் அழுதார்கள். பெண்கள் வண்டியிலேயே அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது கியருக்குப் போனார்கள். "அழறது தப்பில்ல. அழுதுகிட்டே கிளட்ச்சை டக்குனு விடுறீங்க பாருங்க, அதான் தப்பு" என்பாள் அக்கா. பயிற்சிப் பள்ளியின் சின்ன வெள்ளைக் காரில் இடப்பக்க இருக்கை அவளுடையது, அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்த இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டில் சோறு சாப்பிடும்போதுகூட வலது கால் தானாக எதையோ மிதிக்கும்.

எதையும் மறக்கிற ஆள் இல்லை அவள். வங்கி மேலாளர் ஒருவர் முதல் நாளே, "பொம்பள கிட்டயா பழகணும்?" என்று பள்ளி முதலாளியிடம் கேட்டது அவள் காதில் விழுந்துவிட்டது. முகத்தில் எதையும் காட்டாமல் வண்டியில் ஏறினாள். அந்த வகுப்பிலும் அடுத்த வகுப்பிலும் அதற்கடுத்த வகுப்பிலும் அவரை ரிவர்ஸிலேயே ஓட்டவிட்டாள். கழுத்து பிடித்துக்கொண்டு அவர் முனகியபோது, "முன்னாடி போறது யாருக்கும் வரும் சார். உங்களை மாதிரி ஆளுங்களுக்குப் பின்னாடி போகத்தான் பழக்கணும்" என்றாள். அந்த மேலாளர் இன்றைக்கும் எந்த நெரிசலிலும் ஒரே திருப்பில் வண்டியை நிறுத்துவார் என்று கேள்வி. பழிவாங்கும்போதுகூட வேலையில் குறை வைக்கமாட்டாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் மாடிக்கும் மாடிக்கும் நடுவே யாராவது மாட்டிக்கொண்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். கதவைப் பிளந்து வெளியே எடுத்ததும் அவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவனுக்கு அது பிடிக்கும். எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கியவன். யாராவது முகம் சுளித்தால் தாங்கமாட்டான். சுளித்த முகத்தைச் சரிசெய்ய அந்த நேரத்துக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லிவிடுவான். இதை அக்கா கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்திருந்தாள். சின்ன விஷயங்களில் அது தமாஷாகத்தான் இருந்தது.

அவளுக்கு இடையிடையே இரத்தம் பட ஆரம்பித்தது. வயசு அப்படி என்று நினைத்து ஒரு துணியை மடித்து இருக்கையில் போட்டுக்கொண்டு வகுப்பு எடுத்தாள். ஒரு நாள் அந்தத் துணியையும் மீறி இருக்கை நனைந்தது. பழகிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் தன் சால்வையை எடுத்து நீட்டினாள். அன்று சாயங்காலமே அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று முடிவு வந்தது.

முடிவு வந்த வாரம் கணவனின் அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். அண்ணன் மரக்கடை வைத்திருப்பவர், அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி, அக்காவின் ஓரகத்தி, பேசுவாள். அந்த வீட்டு சோஃபாவில் வாங்கிய நாளில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறது. உட்கார்ந்தால் முனகும், எழுந்தால் தொடையோடு ஒட்டிக்கொண்டு வரும். அக்கா அதில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஓரகத்தி கைபேசியைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள்.

"இது ஒரு கிருமியால வருதாமே. சேர்க்கையால பரவுமாம். இதுல போட்டிருக்கு."

எல்லோருடைய பார்வையும் கணவன் பக்கம் திரும்பியது. அவன் டிவியைப் பார்த்தபடியே சொன்னான்:

"நாள் பூரா யார் யாரையோ பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு சுத்துறவ. எனக்கென்ன தெரியும்?"

அண்ணன் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். அவ்வளவுதான் நடந்தது. அக்கா தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்குப் போய் அவன் தலையணையைக் கூடத்தில் கொண்டுவந்து போட்டாள். ஏன் என்று அவனும் கேட்கவில்லை.

அன்றைக்கு அவளுக்குள் ஒரு முடிவு உட்கார்ந்துவிட்டது. அந்த வார்த்தையை எங்கே சொன்னானோ அங்கேயே, யார் முன்னால் சொன்னானோ அவர்கள் முன்னாலேயே, அவன் வாயாலேயே திருப்பி எடுக்கவைக்க வேண்டும். அதற்கு முதலில் உயிரோடு இருக்க வேண்டும்.

"நான் பொழைக்கணும் டாக்டர். ஒரு வேலை பாக்கி இருக்கு" என்றாள் டாக்டரம்மாவிடம்.

"பிள்ளைங்க கல்யாணமா?"

"பிள்ளைங்க இல்ல. ஒரு ஆளைத் தலைகுனிய வைக்கணும்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி, அதுக்காகவாவது ஒழுங்கா சாப்பிடுங்க" என்றார்.

வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு வாரக்கணக்கில் நடந்தது. அவள் தங்கைதான் கூடவே வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆய்வகம் பார்த்துக்கொள்கிறவள், எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுத் தெளிந்துகொள்கிறவள். அந்தக் கட்டம் முடிந்ததும் உள்ளேயே வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு என்றார்கள். டாக்டரம்மா கையால் காட்டி விளக்கினார். மயக்கம் கொடுத்து, கர்ப்பப்பைக்குள் ஒரு மெல்லிய வளைந்த குழாயை வைப்பார்கள். அது நகராமலும், முன்னால் இருக்கும் மூத்திரப்பையும் பின்னால் இருக்கும் மலக்குடலும் தள்ளியே நிற்கும்படியும் சுற்றிலும் மெல்லிய துணியைத் திணித்துவைப்பார்கள். குழாயோடேயே எம்.ஆர்.ஐ. படம் எடுப்பார்கள். அந்தப் படத்தில் நோய் எது, மூத்திரப்பை எது, குடல் எது என்று கோடு போட்டுப் பிரித்து, கதிர் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று கணக்குப் போடுவார்கள். அதன் பிறகுதான் குழாய் வழியாக அரிசியளவு கதிர்ப்பொருள் உள்ளே போய், சொன்ன இடத்தில் சொன்ன நேரம் நின்று, திரும்பி வரும். ஒரே நாளில் முடியாது. சில தடவை வரவேண்டியிருக்கும்.

"ஒரு தடவை எடுத்த படத்தையே வச்சு எல்லாத் தடவையும் செஞ்சிடலாமே?" என்று தங்கை கேட்டாள்.

"முடியாதும்மா. உள்ளே இருக்கிறது எதுவும் ஒரே இடத்துல இருக்காது. மூத்திரப்பை நிறையும், குடல் நகரும், நோயும் சுருங்கும். ஒவ்வொரு தடவையும் அன்னைக்கு எடுத்த படத்துக்குத்தான் கணக்கு. படம் எடுத்ததுக்கப்புறம் அசையவே கூடாது. அசைஞ்சா அந்தப் படம் வேற யாரோடதோ ஆயிடும்."

அக்கா இப்போது கேட்டாள். "அந்தப் படத்துல, இது யாரு குடுத்ததுன்னு தெரியுமா டாக்டர்?"

"எங்கே இருக்குன்னு தெரியும். யாரு கிட்டேருந்து, எப்போ வந்ததுன்னு எந்தப் படத்துலயும் தெரியாது. அந்தக் கிருமி முக்கால்வாசிப் பேருக்கு எப்பவாவது வந்துட்டுப் போறது. சில பேர் உடம்புல வருஷக்கணக்கா சத்தமில்லாம உட்கார்ந்திருக்கும். யாரையும் கைகாட்ட முடியாது."

"அப்ப யாரும் என்னையும் கைகாட்ட முடியாது."

"முடியாது."

அக்கா எழுந்தாள். "உள்ளே வைக்கிற வைத்தியத்துக்கு என் வீட்டுக்காரர் கூட இருப்பார்."

வெளியே வந்ததும் தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குக்கா அவரு? நான் இருக்கேனே."

"பக்கத்துல யாரு உட்காருறாங்கன்னு அவருக்குத்தானே கவலை. வந்து உட்காரட்டும்."

முதல் தடவை அவன் வந்தான். மனைவிக்குத் துணையாக வந்த நல்ல கணவன் என்று நர்ஸ்கள் பார்த்ததில் அவனுக்கு முகம் மலர்ந்திருந்தது. மயக்கம் தெளிந்து, படம் எடுத்து, அக்காவைத் தனி அறையில் மல்லாக்கக் கிடத்தினார்கள். கால்கள் நீட்டியபடி. இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை. தொடைகளுக்கு நடுவிலிருந்து குழாயின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மேலே ஒரு போர்வை. சன்னல் இல்லாத அறை. மேலே காற்று வரும் ஓட்டையில் கட்டியிருந்த காகித நாடா மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

கணக்குப் போடும் இடம் பக்கத்து அறை. அங்கே இருந்த கதிரியல் நிபுணரை நோயாளிகள் கோடு போடுற மேடம் என்பார்கள். அக்கா அவரைக் கூப்பிட்டுவிட்டு, "மேடம், இவருக்குப் படத்தைக் காட்டுங்க" என்றாள்.

"எதுக்கும்மா?"

"பொண்டாட்டிக்குள்ள என்ன இருக்குன்னு இவருக்கு ரொம்பச் சந்தேகம்."

மேடம் வேடிக்கையென்று நினைத்துச் சிரித்தார். அவனைத் திரைக்கு முன்னால் நிறுத்தினார். சாம்பலும் கறுப்புமாய் ஒரு மழைநாள் வானம்போல அவள் உட்புறம் தெரிந்தது. மேடம் கோடுகளைக் காட்டினார். மஞ்சள் மூத்திரப்பை, பழுப்பு குடல், நடுவில் பச்சைக்குள் இருப்பது நோய். முதலில் எலுமிச்சை அளவு இருந்தது, இப்போது கட்டைவிரல் நுனி அளவு. சுற்றிலும் பேரிக்காய் வடிவத்தில் சிவப்பு. அதுதான் கதிர் முழுசாக விழும் எல்லை. "இந்தச் சிவப்பு நோயை மூடணும், குடலைத் தொடக்கூடாது. நடுவுல இவ்வளவுதான் இடம்" என்று விரல் நகத்தைக் காட்டினார். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார இடம் தேடினான். நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அன்றைக்கு அக்கா வேறு எதுவும் பேசவில்லை. அவள் ஏதாவது கேட்பாள் என்று அவன் காத்திருந்தான். அவள் மேலே பார்த்தபடியே கிடந்தாள். அவன் நான்கைந்து முறை தொண்டையைச் செருமினான். அந்தச் செருமல் ஒவ்வொன்றையும் அவள் ரசித்தாள்.

இரண்டாவது தடவை வந்தபோது அண்ணனும் ஓரகத்தியும் வந்துவிட்டார்கள். ஓரகத்தி கையில் ஃபிளாஸ்க். "பாக்காம இருக்க மனசு கேக்கல" என்றாள். வெளித் தாழ்வாரத்து நாற்காலிகளில் தங்கையோடு உட்கார்ந்தார்கள். தள்ளுபடுக்கையில் போகும்போது அக்கா அவர்களைப் பார்த்தாள். இன்றைக்குத்தான், என்று நினைத்துக்கொண்டாள்.

குழாய் வைத்து, படம் எடுத்து, அறையில் விட்டார்கள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஃபோனை வைங்க."

வைத்தான்.

"அண்ணன் வீட்டுல சொன்னீங்களே, அதை எதுக்குச் சொன்னீங்க?"

"எதை?"

"எதைன்னு உங்களுக்குத் தெரியும்."

"இப்ப எதுக்கு அதெல்லாம். பேசாம படுத்திரு."

"படுத்துதான் இருக்கேன். எந்திரிச்சு எங்க ஓடப்போறேன்?"

அவன் கதவைப் பார்த்தான். "அண்ணி கேட்டாங்க. எல்லாரும் என்னையே பாத்தாங்க. ஏதாவது சொல்லணுமே."

"அதுக்கு என்னைச் சொன்னீங்க."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"ரெண்டு பேரும் வெளியிலதான் இருக்காங்க. உள்ள கூப்பிடச் சொல்றேன். ஒரு பேச்சுக்கு, அது பொய்னும் சொல்லிடுங்க."

அவன் மூக்கால் சிரித்தான். மாட்டிக்கொண்ட மனுஷனின் சிரிப்பு. ஆனால் அடுத்து வந்த வார்த்தை அப்படி இல்லை. "பொய்னு நான் எப்படிச் சொல்றது? வண்டியில கூடவே வந்தா பாத்தேன்?"

அவள் எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இடது முழங்கையை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, வலது கையை வீசினாள். கன்னத்தில் நல்ல அறை. ஸ்டூல் ஒரு காலில் ஆடி நின்றது. அவள் மறுபடி மல்லாந்தபோது உள்ளே, ஓர் இழுப்பறை மெல்லத் திறந்துகொள்வதுபோல, ஏதோ நகர்ந்தது. வலிக்கவில்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது.

அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் போர்வையைப் பார்த்தாள். இருவருக்கும் தெரிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மேடம் நர்ஸோடு வந்தார். "கணக்கு முடிஞ்சுது, போகலாம்" என்று போர்வையை விலக்கி, குழாயில் போட்டிருந்த அளவுக் கோட்டைப் பார்த்தார். கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே சாய்ந்ததை அந்தக் கோடு சொல்லாது. எப்போதும் கேட்பதைப்போல மேடம் கேட்டார்: "நடுவுல அசையலையே?"

"இல்ல மேடம்" என்றான் அவன் முந்திக்கொண்டு. "கல்லு மாதிரி கிடந்தா."

அக்கா தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தைக் கையால் மறைத்திருந்தான். யார் திட்டுவார்களோ என்ற பயத்தைத் தவிர வேறொன்றும் அந்த முகத்தில் இல்லை.

அவள் பேசாமல் இருந்தால் போதும். அறைவதற்கு முன்னால் படுத்திருந்த பெண்ணின் படத்தை வைத்து, அறைந்த பிறகு படுத்திருக்கும் பெண்ணுக்குக் கதிர் போகும். சிவப்புக் கோடு எங்கே விழுமோ. சில மாதத்தில் குடல் வெந்து ஓட்டை விழும், மலமும் சீழும் வழியும். அப்போது அவள் அந்தச் சோஃபாவில் போய் உட்கார்ந்து சொல்லலாம்: நான் அசைந்தது இவருக்குத் தெரியும், தெரிந்தே இல்லையென்றார். அன்றைக்கு டிவியைப் பார்த்துச் சொன்ன வார்த்தையைவிட ஆயிரம் மடங்கு பெரிய குற்றம் அது. வாழ்நாள் முழுக்க அவன் தலை நிமிராது. அக்கா அந்தக் குற்றத்தை, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் புடவையைப்போல, ஆசையோடு பார்த்தாள். எடுத்துக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது.

நர்ஸ் படுக்கையின் சக்கரப் பூட்டை விடுவித்தாள்.

ஆனால் இவனுக்கு உறுத்துமா? கன்னம் எரியும்போதே கூசாமல் சொன்னவன். பெண்டாட்டி குடல் வெந்தால் ஆஸ்பத்திரி சரியில்லை என்று நாலு பேரிடம் சொல்லி, நாலு பேர் அடடா என்று தலையாட்ட, இவன் இன்னும் நல்லவனாகிவிடுவான். இந்த மனுஷனைக் கூனவைக்கத் தன் குடலைக் கொடுப்பதா. மாட்டேன். நோகாமல் நின்று அவன் நோவதைப் பார்ப்பேன்.

"அசைஞ்சேன் மேடம்" என்றாள். "முழங்கையை ஊனி எந்திரிச்சு இவரை அறைஞ்சேன். கையை எடுக்கச் சொல்லிப் பாருங்க. நாலு விரலும் பதிஞ்சிருக்கும்."

மேடம் அளவுக் கோட்டைப் பார்த்ததைவிட அதிக நேரம் அவன் கன்னத்தைப் பார்த்தார். பிறகு, "சார், நீங்க வெளியில இருங்க" என்றார்.

மறுபடி படம். எம்.ஆர்.ஐ. பொறியின் தடதடப்புக்குள் அக்கா கண்ணை மூடிக் கிடந்தாள். இந்த முறை விரல் நுனியைக்கூட அசைக்கவில்லை. மேடம் பழைய கோடுகளைப் புதிய படத்தின் மேல் போட்டுப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். பிற்பாடு அக்கா அடம்பிடித்ததால் அவளுக்கும் காட்டினார். குழாய் பின்பக்கம் சாய்ந்திருந்தது. சிவப்புக் கோடு பழுப்பின் மேலேயே ஏறி நின்றது. பச்சையின் ஒரு ஓரம் வெளியே விடுபட்டிருந்தது.

"சொல்லாம இருந்திருந்தா?"

"இங்க எரிஞ்சிருக்கும்" என்று பழுப்பைத் தொட்டார் மேடம். "இங்க நோய் தப்பிச்சிருக்கும்" என்று பச்சையைத் தொட்டார்.

அக்கா அந்த இரண்டு இடத்தையும் நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா குழாயை நேராக்கி, துணியை எடுத்துவிட்டுப் புதிதாகத் திணித்து, மூன்றாவது படம் எடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். கனமான கதவு மூடியது. கதிர் உள்ளே போய், நின்று நின்று, திரும்பி வந்தது.

அவள் அங்கே கிடந்த நேரத்தில்தான் வெளியே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. குழாயை எடுத்துப் படுக்கைக்கு வந்த பிறகு தங்கை சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

"டாக்டரம்மா வெளியில வந்தாங்க. மறுபடி படம் எடுக்கணும், லேட்டாகும்னாங்க. உடனே உன் ஓரகத்தி, 'அசைஞ்சுட்டாளா? அவ எங்க சும்மா இருந்தா' ன்னாங்க."

"அவ அப்படித்தான் சொல்லுவா. அப்புறம்?"

"டாக்டரம்மா அவங்களைப் பாக்கவே இல்லக்கா. மாமாவைப் பாத்து, 'அசையலைன்னு ஏன் சொன்னீங்க? அதை நம்பி ஆரம்பிச்சிருந்தா அவங்க குடல் வெந்திருக்கும். திட்ட வரல, எனக்குத் தெரிஞ்சுக்கணும். நாளைக்கு இன்னொருத்தரை எப்படிக் கேக்கணும்னு தெரியணுமில்ல' ன்னாங்க."

"என்ன சொன்னாரு?"

"கன்னத்தைத் தடவிக்கிட்டு நின்னாரு. அண்ணன்தான் கேட்டாரு, 'கன்னத்துல என்னடா?' ன்னு."

"அதுக்கு?"

"லிஃப்ட் கதவுல இடிச்சுக்கிட்டேன்னாரு."

அக்கா கண்ணை விரித்தாள். "நாம கீழ்த்தளத்துலதானே இருக்கோம்?"

"அதைத்தான் அண்ணன் சொன்னாரு. 'இங்க ஏதுடா லிஃப்ட்?' ன்னு. அக்கா, சிரிக்காதே, வயிறு வலிக்கப்போகுது."

வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தாள். பிறகு, "முதல்லேர்ந்து சொல்லு" என்றாள். "அவ எந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தா? ஃபிளாஸ்க் யார் கையில இருந்துச்சு? அண்ணன் எழுந்து நின்னு கேட்டாரா, உட்கார்ந்துகிட்டே கேட்டாரா?" தங்கை மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை ஓரகத்தி ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து திறந்து மூடியதையும் சேர்த்துச் சொன்னாள். எவ்வளவு கேட்டும் அக்காவுக்குப் போதவில்லை. தன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தான் மட்டும் போக முடியாமல், போய்வந்தவர்களிடம் பந்தியைப் பற்றிக் கேட்பதுபோல இருந்தது. மாதக்கணக்கில் காத்த காட்சி ஒரு கதவுக்கு அந்தப்பக்கம் நடந்திருக்கிறது, அவள் இந்தப்பக்கம் அசையாமல் கிடந்திருக்கிறாள்.

அவன் படுக்கையருகே வந்து மெல்லிய குரலில், "மன்னிச்சிடு" என்றான்.

"எங்க சொன்னீங்களோ அங்க."

"அதான் அண்ணன் அண்ணி முன்னாடியே அசிங்கப்பட்டுட்டேனே."

"அது டாக்டர் குடுத்தது. நான் கேக்கிறது நீங்க குடுக்கிறது."

மீதித் தடவைகளுக்கெல்லாம் தங்கைதான் உள்ளே இருந்தாள். அவன் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான். முன்பு சிரித்த நர்ஸ்கள் இப்போது அவனைத் தாண்டிப் போகும்போது பேச்சை நிறுத்தினார்கள். வைத்தியம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே அக்கா அவன் கருவிப் பையை வாசலில் வைத்தாள்.

"அண்ணன் வீட்டுக்குப் போங்க. சொல்லிட்டேன்னு தகவல் வர வரைக்கும் அங்கேயே இருங்க."

போய்விட்டான். சொல்வது அவனுக்கு அவ்வளவு லேசாக வரவில்லை. அண்ணன் வீட்டுச் சோஃபாவில், அந்தப் பிளாஸ்டிக் உறைமேல், படுத்துத் தூங்கினான். புரளும்போதெல்லாம் அது வீட்டையே எழுப்பியது. காலையில் குளியலறைக்கு வரிசை. ஓரகத்திக்கு ஒரு வாய் கூடுதல், ஒரு மூட்டைத் துணி கூடுதல். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தாள்.

"என்னதான் இருந்தாலும் உன் வீட்டுக்காரர். எப்ப வந்து கூட்டிட்டுப் போறே?"

"எனக்கென்ன தெரியும் அக்கா. நாள் பூரா லிஃப்டுல யார் யார் கூடவோ ஏறி இறங்குற ஆளு" என்றாள் அக்கா, மிகவும் மரியாதையாக.

அந்தப் பக்கம் டக்கென்று போன் வைக்கப்பட்டது. அன்று முழுவதும் அக்கா ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தாள். காரிலும் திட்டவில்லை. அவள் திட்டாததில் பயந்துபோய் ஒருவர் வண்டியைச் சாலைத் தடுப்பில் ஏற்றிவிட்டார்.

சில மாதம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கோடு போடுவதற்கு அதில் எதுவும் இல்லை. "சுத்தமா இருக்கு. தொடர்ந்து வந்து காட்டிக்கிட்டே இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. பிறகு குரலைத் தணித்து, "அந்த வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இன்னைக்கு."

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்கு ஓட்டினாள். விடுமுறை நாள், எல்லோரும் இருந்தார்கள். அவன் அவளைக் கண்டதும் எழுந்தான்.

"நான் முந்தாநாளே சொல்லிட்டேன்" என்றான். "வேணும்னா அண்ணனைக் கேளு."

அண்ணன் தலையாட்டினார்.

"யாரு யாரு இருந்தீங்க?"

"நான், அண்ணன், அண்ணி."

"அன்னைக்கு நாலு பேரு இருந்தோம்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தான். அவள் தடுத்தாள். "தரைகிட்ட இல்ல. அவங்களைப் பாத்து."

அவன் நிமிர்ந்தான். அண்ணனைப் பார்த்து, அண்ணியைப் பார்த்து, சொன்னான். மனைவியைப் பற்றி அன்றைக்குச் சொன்னது பொய். அவளைச் சந்தேகப்பட ஒரு நாளும் ஒரு காரணமும் இருந்ததில்லை. எல்லோரும் என்னைப் பார்த்ததால் அவள் மேல் தள்ளிவிட்டேன். ஆஸ்பத்திரியில் அவள் அசைந்ததைக் கண்ணால் பார்த்தும் இல்லையென்று சொன்னேன். கடைசி வார்த்தைகளில் குரல் உடைந்து, மூக்கு ஒழுகி, புறங்கையால் துடைத்துக்கொண்டான். அண்ணன் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றார்.

"சரி விடு, பழசைக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகுது" என்றாள் ஓரகத்தி.

"எனக்கு நல்லா இருக்கு அக்கா" என்றாள் அக்கா.

உண்மையாகவே நன்றாக இருந்தது. பழி தீர்ந்தால் மனசு வெறுமையாகிவிடும் என்று சொல்வார்களே, அப்படி ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் வந்து பானைத் தண்ணீர் குடித்ததுபோல உள்ளே குளுகுளுவென்று இறங்கியது. அவள் அவசரப்படாமல் இன்னும் சற்று நேரம் உட்கார்ந்து அந்த மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள்.

அதற்குள் அவன் உள்ளே ஓடிப்போய் கருவிப் பையையும் துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு காரருகே வந்து நின்றான். கதவுப் பிடியில் கையை வைத்தான். உள்ளே பூட்டியிருந்தது.

"கதவைத் திற. எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டேன்."

அக்கா கண்ணாடியைப் பாதி இறக்கினாள். "வார்த்தையைத் திருப்பி எடுக்கச் சொன்னேன், எடுத்துட்டீங்க. உங்களைத் திருப்பி எடுக்கிறேன்னு நான் எப்ப சொன்னேன்?"

வண்டி தெருமுனையில் திரும்பியது. அவன் பையோடு நின்றான். ஓரகத்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், போகிற வண்டியை அல்ல, அந்தப் பையை.